பத்தடிக்குள்

மணியாச்சியில் வெடித்த துப்பாக்கியைப் பற்றி நம்மிடம் பாட்டு இருக்கிறது, நாடகம் இருக்கிறது, சிலை இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு வைத்த பெயரும் இருக்கிறது. அந்தத் துப்பாக்கி என்ன கனம் இருந்திருக்கும், கைக்குள் எப்படி அடங்கியிருக்கும், எத்தனை அடி தூரம்வரை அதை நம்பலாம் என்று எழுதியவர் யாரும் என் கண்ணில் படவில்லை. நம் எழுத்தில் ஆயுதம் பொருளாக வருவதில்லை, சின்னமாகத்தான் வருகிறது. வேல் என்றால் வீரம், அரிவாள் என்றால் ஆத்திரம், துப்பாக்கி என்றால் தியாகம் அல்லது துரோகம். எடை இல்லாத ஒன்றைப் பற்றி எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் பேசலாம். கையில் கனக்கிற ஒன்றைப் பற்றிப் பேசும்போதுதான் குரல் தானாக இறங்கும்.

எடையில் எனக்கு அக்கறை வந்ததற்கு என் பிழைப்பு ஒரு காரணம். பாங்கில் நகைக்கடன் பகுதியில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா நான். மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசித் தராசில் வைத்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு போக வேண்டும். இரண்டு பத்திகள்: மொத்த எடை, கல்லும் அரக்கும் கழித்த நிகர எடை. விமர்சனம் என்று நாம் பெரிதாகச் சொல்லிக்கொள்கிற காரியமும் இதற்கு மேல் இல்லை என்று பல சமயம் எனக்குப் படுகிறது. அரக்கைக் கழிக்க வேண்டும். கழிக்கிற சாக்கில் பொன்னையும் சுரண்டிவிடக் கூடாது.

இன்னொரு காரணம் என் பெரியப்பா மகன். தேரி ஓரத்தில் முருங்கையும் வாழையும் வைத்திருக்கிறவர். சரக்குப் போட்டுவிட்டுப் பணத்தோடு இருட்டில் திரும்ப வேண்டியிருக்கிறது. “ஏலே, நீதான் இங்கிலீஷ் படிச்சவன். சின்னதா, பையில போட்டா வெளிய தெரியாத மாதிரி ஒரு துப்பாக்கி இருக்காம். நல்லதா நொள்ளையான்னு படிச்சுப் பாத்துச் சொல்லு” என்றார். மில்டனையும் எலியட்டையும் படித்து வாங்கிய பட்டத்துக்கு இப்படியும் ஒரு பிரயோஜனம். படித்துப் பார்த்தேன்.

அவர் கேட்டது .22 ரகம். குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தின் நூறு பங்கில் இருபத்திரண்டு. அதாவது சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். பெரிய தோட்டாக்களில் தீ மூட்டும் ரசாயனம் அடிப்பாகத்தின் நடுவில் தனிக் குமிழாக இருக்கும். இதில் அப்படி இல்லை. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு மடிப்புக்குள் சுற்றிலும் அதைப் பூசியிருப்பார்கள். சுத்தி வந்து விளிம்பை நசுக்கும். மடிப்பு நெரிந்து தீப்பற்றும். விளிம்பு நசுங்க வேண்டுமானால் கூடு மெல்லிசாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. ஆக இந்தத் தோட்டாவின் பலவீனம் செய்நேர்த்தியில் வந்த குறை அல்ல. அது வெடிக்கிற முறையிலேயே அந்த வரம்பு இருக்கிறது. பூச்சு விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் பரவாமல் போனால், சுத்தி விழுந்த இடத்தில் மருந்து இல்லாமல் சும்மா ‘டிக்’ என்று ஓசை மட்டும் வரும். வெடித்து முடிந்த கூட்டைத் திரும்ப நிரப்பவும் முடியாது.

அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857இல் விற்ற முதல் ரிவால்வர் இந்த ரகத் தோட்டாவுக்காகச் செய்ததுதான். இன்று உலகமெங்கும் புழங்குகிற .22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் வந்தது. அதன் குண்டு வழக்கமாக 40 கிரெயின், 2.6 கிராம். எங்கள் கணக்கில் ஒரு பவுனின் மூன்றில் ஒரு பங்கு. ஒரு ஜோடி சின்னக் கம்மலின் எடை. நீளக் குழலில் ஓடி வேகம் பிடிக்க வேண்டிய குண்டு இது. குழலைப் பாக்கெட்டுக்குத் தக்கபடி இரண்டு அங்குலமாகக் குறுக்கினால், மருந்து எரிந்து தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியே வந்துவிடும். குறி பார்ப்பதற்கான முன்முனையும் பின்முனையும் கிட்டக் கிட்ட இருப்பதால், கை நூலளவு அசைந்தாலும் குறி முழம் அளவு தப்பும்.

இதைப் பொம்மை என்று நினைத்துவிடவும் கூடாது. 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் ஓட்டல் ஒன்றின் சமையல்கட்டு வழியில் ராபர்ட் கென்னடியைச் சாய்த்தது .22 ரிவால்வர். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் ரீகனின் நெஞ்சுக்குள் போனதும் .22 குண்டுதான். இரண்டு இடத்திலும் சுட்டவன் கூட்டத்தோடு கூட்டமாகக் கிட்டத்தில் நின்றிருந்தான். அந்த அண்மை இல்லையென்றால் இந்தத் துப்பாக்கியில் பெரிதாக ஒன்றுமில்லை.

நம் நாட்டுச் சரக்கும் இருக்கிறது. கான்பூரில் அரசாங்கத் தொழிற்சாலை 2014இல் ‘நிர்பீக்’ என்று ஒரு .32 ரிவால்வரைப் பெண்களின் பாதுகாப்புக்கென்று விற்பனைக்குக் கொண்டுவந்தது, அரைக் கிலோ. இச்சாப்பூர் தொழிற்சாலை செய்த .22 ரிவால்வரின் பெயர் ‘நிடர்’; எடை கால் கிலோ. இரண்டு பெயருக்கும் பயமற்றது என்றுதான் அர்த்தம். பயத்தால் வாங்குகிற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரப் பெயர் கிடைக்காது. கால் கிலோ என்றால் முப்பத்தொரு பவுன். எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பம் மூச்சுப்பிடித்துச் சேர்த்துப் பெண்ணுக்குப் போடுகிற நகை.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். “சுருக்கச் சொல்லு” என்றார்.

“பத்தடிக்குள்ள வந்தாத்தான் இது துப்பாக்கி. அதுக்கு அங்கிட்டு வெறும் சத்தம்.”

“போதுமே. கிட்ட வாறவனுக்குத்தானே.”

“கிட்ட யாரு வருவான்னு நெனைக்கீய?”

யோசித்தார். விரல் விட்டு எண்ணிக்கொண்டு மூன்று பேரைச் சொன்னார். கிணற்றுப் பங்கில் மூன்று வருஷமாகத் தகராறு செய்கிற பங்காளி. முன்பு அவரிடம் வண்டி ஓட்டிவிட்டுச் சம்பளத் தகராறில் நின்றுபோன பையன். தெருமுனையில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவன். அவனுடைய தகப்பன் பெயரும் அண்ணனுக்குத் தெரியும். முகம் தெரியாத திருடன் என்று ஒருத்தனையாவது சேர்ப்பார் என்று காத்திருந்தேன். சேர்க்கவில்லை.

என்னை உறுத்தியது இதுதான். நம் ஊர்களில் பத்தடிக்குள் வருகிறவன் அநேகமாக நமக்குத் தெரிந்தவன். சொந்தக்காரன், பக்கத்துத் தோட்டக்காரன், ஒரு காலத்தில் நம் வீட்டில் சாப்பிட்டவன். பெரிய துப்பாக்கி அந்நியனை உத்தேசித்தது. பாக்கெட்டில் அடங்குகிற துப்பாக்கி உத்தேசிப்பது நம்மவனை. விளம்பரத்தில் தூரம் போடுவார்கள், எடை போடுவார்கள், இதைப் போடமாட்டார்கள்.

பத்தடிக் கணக்கு எனக்குத் தோன்றியது மணியாச்சியை யோசித்துத்தான். 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து மனைவியோடு வந்து, கொடைக்கானல் போவதற்காகப் போட் மெயிலை எதிர்பார்த்து முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். மனைவி எதிர் இருக்கையில். செங்கோட்டை வாஞ்சி ஐயர் பெட்டிக்கு வந்து சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிவறைக்குள் புகுந்து தன் வாயில் சுட்டுக்கொண்டார். வயது இருபத்தைந்து, புனலூரில் வனத்துறையில் சின்ன உத்தியோகம். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். அது விளிம்பில் வெடிக்கிற ரகம் அல்ல, நடுவில் வெடிப்பது; .22ஐவிடப் பலம் கூடியது. ஆனால் ஜாதி ஒன்றுதான்: சட்டைக்குள் ஒளிப்பதற்கென்று பிறந்தது. அந்தத் தொழிற்சாலையின் 1900ஆம் வருஷத்து மாடல் 625 கிராம், எழுபத்தெட்டுப் பவுன். 1906இல் வந்த குட்டி மாடல் அதில் பாதியைச் சற்றே தாண்டும்.

இந்தப் பிரவுனிங் அந்த வருஷங்களில் உலகம் சுற்றியிருக்கிறது. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் கொரியாக்காரர் ஆன் ஜுங்-கன் ஜப்பானின் இதோவைச் சுட்டது இதனால். அதே வருஷம் டிசம்பர் 21 அன்று நாசிக்கில் நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டதும் பிரவுனிங்தான். 1914இல் சரயேவோவிலும் அதே பெல்ஜியத் தொழிற்சாலையின் சரக்கு. ரயிலடி, கொட்டகை, தெருமுனை: அதிகாரி ஒருவன் ஜனங்களுக்குப் பத்தடிக்குள் வந்தாக வேண்டிய இடங்கள். சாம்ராஜ்யத்திடம் பீரங்கி இருந்தது, கப்பல் இருந்தது, 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருந்தது. எதிர்த்தவனிடம் இருந்தது ஒரு பாக்கெட்; அதற்குள் இந்தப் பத்தடி.

அந்தப் பத்தடியைக் கடந்து போய் நிற்பதற்கு வேண்டிய தைரியம் பொய்யல்ல. 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள், வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை நொறுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு. இவையும் பொய்யல்ல. இது பொன். ஆனால் அதே சட்டையில் ஒரு கடிதமும் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்த சமயம். அவரை வைகிற இடத்தில் கடிதம் மாட்டிறைச்சி தின்பதையும் பஞ்சமர் என்ற பெயரையும் வசையாகப் பிரயோகிக்கிறது. பாடப்புத்தகத்துக்கு எடுத்தவர்கள் அந்த இடத்தை நாசூக்காக விட்டுவிடுகிறார்கள். எதிரணியில் சிலர் அந்த இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேரும் தராசைத் தொடவில்லை. வெள்ளைக்காரக் கலெக்டருக்கு ஓரிரு அடி தூரம்வரை போக முடிந்த ஒரு மனிதர், தன் ஊரில் வயலில் நின்ற மனிதனிடமிருந்து எத்தனை அடி தள்ளி நின்றார் என்பதும் அந்தத் துப்பாக்கியின் எடையில் சேரும்.

வாஞ்சிக்குப் புதுச்சேரியில் சுடக் கற்றுக்கொடுத்தவர் வ.வே.சு. ஐயர். நமக்கு அவர் வேறு வழியில் உறவு. தமிழ்ச் சிறுகதை என்று பட்டியல் போட ஆரம்பிக்கிறவர்கள் அவருடைய ‘குளத்தங்கரை அரசமர’த்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், கம்பனை உலக காவியங்களோடு பக்கத்தில் வைத்து நிறுத்தின முதல் விமர்சகர்களில் அவரும் ஒருவர். துப்பாக்கிப் பயிற்சியும் சிறுகதையும் ஒரே கையில் என்பது நமக்குக் கொஞ்சம் கிளுகிளுப்பாகக்கூட இருக்கிறது. நான் பார்ப்பது அதை அல்ல. 1920களில் தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவியில், அவர் குருகுலம் நடத்தினார். இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு போட்டதில் வந்த சண்டை தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தது. பிரவுனிங்கைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதரால், இரண்டு இலைகளுக்கு நடுவில் இருந்த சில அடிகளைக் குறைக்க முடியவில்லை. எந்தச் சுத்தி விழுந்தாலும் வெடிக்காத விளிம்பு அது. 1925 ஜூனில் பாபநாசத்தில், அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து அவரும் போய்விட்டார். அவருடைய வாழ்க்கையில் எந்தத் தத்துவமும் குறுக்கே நிற்காத அண்மை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவருடைய கதையில் பேசுகிற அரசமரத்துக்கு நகர முடியாது. தன் நிழலுக்குள் வந்தவர்களை மட்டும்தான் அது பார்க்கும். ஆனால் பார்த்தவர்களை நன்றாகப் பார்க்கும்.

அண்மை ஒன்றே போதும் என்று நான் வாதாடுவதாக இதற்குள் யாராவது நினைத்திருக்கலாம். எங்கள் ஜில்லாவில் இருந்துகொண்டு அப்படி வாதாட முடியாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் கலெக்டர் ஆபீசை நோக்கி நடந்துபோன ஜனங்கள் மேல் போலீஸ் சுட்டது. அந்தப் போராட்டத்தில் 13 பேர் செத்தார்கள். அது தூரத்திலிருந்து சுடுகிற துப்பாக்கி. வேன்மேல் நின்று குறி வைத்தவருக்குக் கீழே இருந்தவர்களின் முகம் தெரிந்திருக்க அவசியமில்லை. இரண்டு வருஷம் கழித்து எங்கள் சாத்தான்குளத்தில் நடந்ததில் துப்பாக்கியே இல்லை. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி, தகப்பனையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி இரவு மகன், 23ஆம் தேதி தகப்பன். மத்தியப் புலனாய்வுத் துறை அதைக் கொலை என்றே குற்றப்பத்திரிகை கொடுத்தது. அங்கே ஆயுதம் லத்தி. தூரம் ஒரு கைநீளம். அதற்கு மேல் கிட்டப் போக முடியாது. கிட்டப் போனதால் யாரும் எதையும் பார்த்துவிடவில்லை.

அண்ணன் சந்தைப் பணம் என்று சொன்னது மொத்த எடை. நிகர எடை இதுதான் என்று இரண்டாம் நாள் அவரே சொன்னார். “கடை தெறந்து வச்சதுக்கே அப்படின்னா, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி நிப்பேன்?” இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் துப்பாக்கியிடமும் இல்லை. மனுவைக் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். ஆஷ் உட்கார்ந்த பதவிதான் இன்று நமக்குக் கைத்துப்பாக்கி லைசென்ஸ் தருகிறது. கலெக்டர் அதைக் காவல் நிலையத்து அறிக்கைக்கு அனுப்புவார். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் அதே நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். எந்த வாசலை நினைத்துப் பயந்தாரோ அந்த வாசல் வழியாகத்தான் பயமின்மை வர வேண்டும். தவிர, கடைவாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும்போது பையில் ஒரு .22 இருப்பது ஒருவனைக் காப்பாற்றாது. அவனைக் கொன்றதற்கு ஒரு காரணத்தைத் தயாராக எடுத்துக் கொடுக்கும். அண்ணன் இதை மறுக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. பாரத்தில் காரணம் கேட்கிற கட்டத்தை நிரப்பாமல் மடித்து வைத்திருக்கிறார்.

அந்த வழக்கில் எனக்கு எடை போட்டுப் பார்க்கத் தோன்றுகிற பொருள் வேறொன்று. அன்றிரவு நிலையத்தில் வேலையில் இருந்த ஒரு பெண் காவலர், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்ததாக விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். பயந்து பயந்து சொன்னார் என்று மாஜிஸ்திரேட்டின் அறிக்கையே சொல்கிறது. கூட வேலை பார்க்கிறவர்களைப் பற்றி, அவர்கள் சுற்றி நடமாடுகிற இடத்தில், மறுநாளும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டியவர் சொன்ன வார்த்தை. அதில் தியாகம், புரட்சி என்ற சொல் எதுவும் இல்லை. லத்தி, மேஜை, கறை: மூன்று பொருள்கள். கிட்டத்தில் இருந்தார், பார்த்தார், பார்த்ததன் எடையை அப்படியே சொன்னார்.

கதையும் கவிதையும் எழுதுகிற நாம் நம் சொற்களைத் தோட்டா என்றும் வெடி என்றும் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகைக்கு இது கொஞ்சம் பெரிய பேச்சு. அப்படியே சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் .22 என்று சொல்லிக்கொள்ளலாம். அது நியாயமான அளவு. பத்தடிக்கு அங்கிட்டு அது சத்தம் மட்டும்தான். பத்தடிக்குள் நிற்பவர்களோ நம் ஜாதி, நம் தெரு, நம் ஆபீஸ், நம் வீடு. அவர்களைப் பெயர் தெரிந்து, முகம் பார்த்து எழுதுவது மணியாச்சியைப் பாடுவதைவிடக் கஷ்டமான காரியம். நகைக்கடன் பேரேட்டில் நிகர எடைப் பத்தியைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டால் எங்கள் மேனேஜர் ஒத்துக்கொள்ளமாட்டார். எழுத்தில் நாம் அதைத்தான் வெகு நாளாகச் செய்துகொண்டிருக்கிறோம்.